நரம்பும் சமூகமும்: மனித நரம்புத் தொகுதியின் அமைப்பும் தொழிலும் பற்றிய ஓர் அறிமுகம்

மனம், உள்ளம், உணர்வு முதலிய சொற்கள் எமது இலக்கியத் திறனாய்வில் இடையறாது வழங்குகின்றன. ஆயினும், இவற்றுக்கு ஆதாரமாயுள்ள உறுப்புத் தொகுதியைப் பற்றி அறிந்துகொள்வது மருத்துவருக்கும் உயிரியலாளருக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. இதனால் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. மனத்தை உடலினின்றும் பிரித்து, காலத்துக்கும் இடத்துக்கும் கட்டுப்படாத தனிப்பொருளாகக் கொள்வது ஒன்று. இது கருத்துமுதல்வாதத்தின் பாற்பட்டது. மூளையை மண்டையோட்டினுள் தானாக இயங்கும் பொறியாகக் கொண்டு, மனத்தை அப்பொறியின் வெளிப்பாடாக மட்டும் காண்பது மற்றொன்று. இது பொருள்முதல்வாதம் போலத் தோன்றினும், மனிதன் வாழும் சமூகத்தைக் கணக்கிலெடாத இயந்திரவியற் பார்வையேயாகும்.

நரம்புத் தொகுதியின் அடிப்படை அமைப்பையும் தொழிலையும் எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நரம்பிழை, நரம்பிணைப்பு, மூளைய மேற்பட்டை என்னும் மூன்று மட்டங்களுக்கும் மூன்று நிகழ்வுகள் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளன. முதலிரண்டும் இலங்கையில் நிகழ்ந்தவை. மூன்றாவது கொலம்பியாவைச் சார்ந்தது.

1. சொல்லும் பொருளும்

தமிழில் 'நரம்பு' என்பது பழைமையான சொல். சங்க இலக்கியங்களில் அது யாழின் நரம்பையும் உடலின் நரம்பையும் ஒருங்கே குறித்து வழங்கியது. புறநானூற்றின் 278ஆம் பாடலில் முதிய தாயொருத்தியின் உடலிற் புடைத்தெழுந்தனவாகச் சொல்லப்படும் நரம்புகள், இன்றைய உடற்றொழிலியல் நரம்பு எனக் கூறுவன அல்ல. தோலின் கீழே கண்ணுக்குப் புலனாகும் குருதி நாளங்களும் தசைநாண்களுமே அவை. இன்றும் பேச்சு வழக்கில் குருதி நாளத்தை நரம்பு என்றே கூறுகின்றோம். கிரேக்க மொழியில் 'நியூரோன்' என்னுஞ் சொல்லும் முதலில் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ், எராசிஸ்திராத்துஸ் ஆகியோரே நரம்பைத் தசைநாணினின்றும் தெளிவாக வேறுபடுத்தினர்.

சொல்லின் பொருள் தெளிவு பெறுவதற்கு உடலைத் தொட்டு ஆராயும் கை வேண்டியிருந்தது. பண்டைய இந்தியாவில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூல், இறந்த உடலை நீரில் ஊறவைத்து அடுக்கடுக்காக ஆராயும் முறையைக் கூறுகின்றது. ஆயினும், பிணத்தைத் தொடுதல் தீட்டு எனவும் மருத்துவத் தொழில் இழிந்தது எனவும் விதித்த வைதிக நெறி மேலோங்கியபோது அம்மரபு தேய்ந்தது. தேபிபிரசாத் சட்டோபாத்யாயா, பண்டைய இந்தியாவின் அறிவியலும் சமுதாயமும் பற்றி 1977இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக நிறுவியுள்ளார்.

யாழ்ப்பாணத்தில் நவீன உடலமைப்பியல் தமிழிற் கால்கொண்டமைக்கு, 1847இல் இங்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆற்றிய பணியே காரணமாகும். அவர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்ததோடு, 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் நூலையும் வெளியிட்டார். அவ்வாறு தொடங்கிய மரபு இருந்தும், 'நரம்புத் தளர்ச்சி' என்னுஞ் சொல் இன்றளவும் மருந்து விளம்பரக்காரரின் கையில் அச்சமூட்டும் கருவியாகப் பயன்படுகின்றது. நரம்பு யாது என்பதைப் பொதுமக்கள் அறியாதிருப்பதே அவ்வாணிகத்துக்கு முதலாக அமைகின்றது.

2. தொகுதியின் பொது அமைப்பு

நரம்புத் தொகுதி மைய நரம்புத் தொகுதி, சுற்றயல் நரம்புத் தொகுதி என இருவகைப்படும். மூளையும் முண்ணாணும் மையத் தொகுதியில் அடங்குவன. மூளையினின்றும் புறப்படும் 12 சோடி மண்டையோட்டு நரம்புகளும், முண்ணாணினின்றும் புறப்படும் 31 சோடி முண்ணாண் நரம்புகளும், அவற்றின் கிளைகளும் சுற்றயல் தொகுதியாகும்.

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் வரை நிறையுடையது. உடல் நிறையில் இது ஏறக்குறைய 2 வீதம் மட்டுமே. ஆனால் ஓய்வு நிலையில் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 வீதத்தை மூளை பெற்றுக்கொள்கின்றது. உணவும் உழைப்பும் பற்றிய கேள்வியிலிருந்து சிந்தனையைப் பிரிக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்றாகும். மூளையின் மிகப் பெரிய பகுதி மூளையம். அதன் புறத்தே மடிப்புமடிப்பாக அமைந்தது மூளைய மேற்பட்டை. பின்புறத்தே கீழாக அமைந்த மூளி, உடற்சமநிலையையும் அசைவுகளின் ஒழுங்கையும் பேணுகின்றது. மூளையை முண்ணாணோடு தொடுக்கும் நீள்வளைய மையவிழையம் சுவாசம், இதயத் துடிப்பு முதலியவற்றைச் சீர்ப்படுத்துகின்றது.

எமது விருப்புக்கு உட்படாது உள்ளுறுப்புக்களை இயக்குவது தன்னாட்சி நரம்புத் தொகுதி. இதன் பரிவுப் பிரிவு அபாயத்தை எதிர்கொள்ள உடலை ஆயத்தப்படுத்துகின்றது. இதயம் விரைந்து துடிக்கின்றது, வியர்வை பெருகுகின்றது, கண்மணி விரிகின்றது. பரபரிவுப் பிரிவு உடலை ஓய்வுக்கும் சமிபாட்டுக்கும் திருப்புகின்றது. அச்சம், அழுகை, வெகுளி போன்றவற்றை உடலில் வெளிப்படும் குறிகளைக் கொண்டு வகுத்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இவ்விடத்து நினைவுக்கு வருதல் இயல்பே. தொல்காப்பியர் உடற்றொழிலியல் எழுதினாரல்லர். எனினும் உணர்ச்சியை மெய்யினின்றும் பிரிக்காது நோக்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

3. நரம்பிழை: மலையகத்தில் 1977-78

நரம்புத் தொகுதியின் அடிப்படை அலகு நரம்புக்கலம் ஆகும். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன என 2009இல் வெளியான கணிப்பொன்று கூறுகின்றது. ஒவ்வொரு நரம்புக்கலத்துக்கும் கருவைக் கொண்ட கலவுடலும், செய்திகளை வாங்கும் பல சிறு கிளைகளும், செய்தியை வெளியே கொண்டுசெல்லும் ஒரு நீண்ட இழையும் உண்டு. நரம்புக்கலங்கள் தொடர்ச்சியான ஒரே வலையன்று, தனித்தனி அலகுகளே என்பதை ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ காஹால் எடுத்துக்காட்டினார். அவர் கையாண்ட சாயமூட்டும் முறையைக் கண்டறிந்த கொல்ஜியோ ஒரே வலை என்னும் கொள்கையையே இறுதிவரை கடைப்பிடித்தார். 1906இல் நோபல் பரிசு இவ்விருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

நரம்பிழையின் மென்சவ்வுக்கு உள்ளும் புறமும் சோடியம், பொற்றாசியம் முதலிய அயன்களின் செறிவு வேறுபட்டிருக்கும். ஓய்வு நிலையில் இழையின் உட்புறம் வெளிப்புறத்திலும் ஏறத்தாழ 70 மில்லிவோற்று மறை மின்னழுத்தத்தைக் கொண்டிருக்கும். தூண்டல் நிகழும்போது மென்சவ்வின் வாயில்கள் திறக்க, சோடிய அயன்கள் உட்புகுகின்றன. மின்னழுத்தம் கணநேரம் தலைகீழாகின்றது. உடனே பொற்றாசிய அயன்கள் வெளியேறப் பழைய நிலை மீள்கின்றது. இம்மாற்றம் இழை வழியே பரவிச் செல்வதே நரம்புக் கணத்தாக்கம். கணவாய் இனமொன்றின் பெருநரம்பிழையைக் கொண்டு ஹொட்ச்கின், ஹக்ஸ்லி ஆகிய இருவரும் 1952இல் இதனைக் கணித முறையில் விளக்கினர். மயலின் கவசமுள்ள தடித்த இழைகளில் கணத்தாக்கம் செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேலான வேகத்திலும், கவசமற்ற மெல்லிய இழைகளில் ஏறத்தாழ 1 மீற்றர் வேகத்திலும் செல்லும்.

முண்ணாணின் கீழ்ப்பகுதியிலிருந்து பாதத்தை அடையும் இழை வளர்ந்த ஒருவரில் ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளமானது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கலவுடலே அத்துணை நீளமான இழையைப் போசிக்கின்றது. இழைக்கு வேண்டிய பொருள்கள் அங்கிருந்தே கடைக்கோடிவரை கொண்டுசெல்லப்படுகின்றன. ஆகவே, நஞ்சொன்று இழையைத் தாக்குமாயின் மிக நீண்ட இழையே, அதுவும் அதன் நுனியிலிருந்தே, பெரும்பாலும் முதலில் அழிகின்றது. பாதம் முதலிலும் கை பின்னருமாக வலுவிழப்பதற்குக் காரணம் இதுவே.

1977-78 காலப்பகுதியில் மலையகத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த 20 தமிழ்ச் சிறுமியரிடத்து இந்நோய் கண்டறியப்பட்டது. இவர்கள் அண்மையிற் பூப்படைந்தவர்கள். பூப்பின் பின்னர் உடல் வலுப்பெறும் பொருட்டு நல்லெண்ணெய் கொடுப்பது வழக்கம். அவ்வெண்ணெயில் முக்கிறெசைல் பொசுபேற்று என்னும் நச்சுப்பொருள் கலந்திருந்தமை கண்டறியப்பட்டது. முன்னர் கனிய எண்ணெய் அடைத்து வைக்கப்பட்ட கலன்களில் நல்லெண்ணெய் ஏற்றப்பட்டமையே இதற்குக் காரணமாதல் வேண்டும் என, 1981இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் இதனை வெளியிட்ட சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் கருதினர்.

இந்நிகழ்வு தனித்ததொன்றன்று. 1930இல், மதுவிலக்கு நடைமுறையிலிருந்த ஐக்கிய அமெரிக்காவில், மலிவான இஞ்சிச் சாராயத்தை அருந்திய ஏழைகள் பல்லாயிரவர் இதே நஞ்சினால் கால் செயலிழந்தனர். 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில், விமானப் பொறிக்குரிய உயவெண்ணெயைச் சமையலெண்ணெயோடு கலந்து விற்றமையால் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர். மூன்றிடத்தும் நஞ்சு ஒன்றே. மூன்றிடத்தும் அது மலிவான பண்டத்தின் வழியே உடலை அடைந்தது.

மலையக நிகழ்வைப் பழைய வழக்கத்தின் தீமையென முடிவு கட்டுவது எளிது. ஆனால் நல்லெண்ணெய் நஞ்சன்று. அதனை ஏற்றியிறக்கிய வாணிக முறையே அதனை நஞ்சாக்கியது. தோட்டத்துத் தாய் தன் மகளின் நலங்கருதிக் கொடுத்த எண்ணெயின் தூய்மையை அறிந்துகொள்ளும் வசதி அவளிடம் இருக்கவில்லை. சுற்றயல் நரம்பிழை அறுபட்டாலும் அழிந்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் வீதம் மீள வளரும் ஆற்றலுடையது. முண்ணாணுள் உள்ள இழைகளுக்கு அவ்வாற்றல் இல்லையெனலாம். இந்நஞ்சு இருவகை இழைகளையும் தாக்குவதால், சுற்றயல் நரம்பு தேறிவரும்போது முண்ணாணின் பாதிப்பு தசை விறைப்பாக வெளிப்பட்டு நிலைத்துவிடுகின்றது.

4. நரம்பிணைப்பு: வயலும் பூச்சிகொல்லியும்

ஒரு நரம்புக்கலம் மற்றொன்றையோ தசையையோ அணுகும் இடம் நரம்பிணைப்பு எனப்படும். இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. கணத்தாக்கம் நுனியை அடைந்ததும் அங்கிருந்து இரசாயனப் பொருளொன்று வெளியேறி, இடைவெளியைக் கடந்து, எதிர்ப்புறத்து வாங்கிகளைப் பற்றுகின்றது. ஒட்டோ லோவி 1921இல் தவளையின் இதயங்களைக் கொண்டு நடத்திய பரிசோதனை இவ்விரசாயனக் கடத்தலுக்கு முதன்மையான சான்றாயிற்று. நரம்பும் தசையும் கூடுமிடத்தே வெளிவரும் பொருள் அசற்றைல்கோலீன். தன் பணி முடிந்தவுடன் அது நொதியமொன்றினாற் சிதைக்கப்படல் வேண்டும். அன்றேல் தசை ஓயாது தூண்டப்பட்டு ஈற்றிற் செயலிழக்கும்.

சேதனப் பொசுபரசுப் பூச்சிகொல்லிகள் இந்நொதியத்தையே முடக்குகின்றன. பூச்சியின் நரம்பிணைப்புக்கும் உழவனின் நரம்பிணைப்புக்கும் இவ்வகையில் அடிப்படை வேறுபாடு இல்லை. புதிய நெல்லினங்களோடு எமது வயல்களிற் பரவிய இந்நஞ்சுகள், காப்புடையோ போதிய அறிவுறுத்தலோ இன்றி உழவரின் கைகளிற் கொடுக்கப்பட்டன. துயருற்ற வேளையிற் கையெட்டும் தூரத்திலும் இருந்தன. வாயூறல், வியர்வை, கண்மணி சுருங்குதல், தசைத் துடிப்பு, சுவாசத் தடை என்பன உடனடி விளைவுகள். இவற்றினின்றும் தேறியவராகக் கருதப்பட்டோரிற் சிலர், ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் கழுத்துத் தசையும் சுவாசத் தசையும் திடீரென வலுவிழந்து ஆபத்துக்குள்ளாவதைப் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவர்களான நிமால் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் 10 நோயாளரைக் கொண்டு விவரித்தனர். 1987இல் வெளியான இவ்வாய்வு, உலக மருத்துவ நூல்களில் 'இடைநிலை நோய்க்குறித்தொகுதி' என இடம்பெறலாயிற்று.

இங்கு கவனிக்க வேண்டுவது யாதெனில், நரம்பிணைப்பைக் காப்பதற்கான வழி மருத்துவமனையில் மட்டும் அமையவில்லை என்பதே. 1995இல் மொனோகுரோட்டோபொஸ், மெதமிடோபொஸ் ஆகிய கொடிய பூச்சிகொல்லிகள் இலங்கையிற் தடைசெய்யப்பட்டன. 1995க்கும் 2005க்கும் இடையே நாட்டின் தற்கொலை இறப்பு வீதம் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. இத்தகைய தடைகளே இதற்கு முக்கிய காரணமென ஆய்வாளர் கொள்வர். சட்டமொன்று பல்லாயிரம் நரம்புத் தொகுதிகளைக் காத்தது என்று கூறுதல் மிகையாகாது.

5. தெறிவினையிலிருந்து மொழிக்கு

சூடான பொருளிற் கை பட்டவுடன் சிந்தனைக்கு முன்னரே கை பின்வாங்குகின்றது. தோலிலுள்ள வாங்கியிலிருந்து புலன் நரம்பு வழியாக முண்ணாணுக்கும், அங்கிருந்து இயக்க நரம்பு வழியாகத் தசைக்கும் கணத்தாக்கம் செல்லும் இப்பாதை தெறிவில் எனப்படும். உளவியல் நிகழ்வுகளும் இத்தகைய தெறிவினைகளை அடிப்படையாகக் கொண்டவையே என்னும் துணிவான கருத்தை ருசிய அறிஞர் செச்சினோவ் 1863இல் முன்வைத்தார். பவ்லோவ், பிறப்பில் இல்லாத தெறிவினைகளைப் பழக்கத்தால் உண்டாக்கலாம் என்பதை நிறுவினார். மனிதனுக்கே உரிய மொழியை 'இரண்டாம் சமிக்ஞைத் தொகுதி' எனக் குறிப்பிட்டார்.

பவ்லோவின் கண்டுபிடிப்பு பொருள்முதல்வாதத்துக்குப் பெருவலுவூட்டியது. ஆயினும், 1950இல் சோவியத் அறிவியற் கழகங்கள் கூட்டிய மாநாட்டில் அது மறுக்கவொண்ணாத கோட்பாடாக்கப்பட்டு, மாறுபட்டோர் ஒதுக்கப்பட்டமை அறிவியலுக்கும் மார்க்சியத்துக்கும் ஒருங்கே இழைத்த தீங்காகும். மூளையை விளக்க ஒவ்வொரு காலமும் தன் காலத்துப் பொறியையே உவமையாக்கி வந்துள்ளது. டெக்கார்ட் நீரூற்றுப் பொறிகளைக் கண்டு நரம்பை நீர்க்குழாயாகக் கருதினார். 19ஆம் நூற்றாண்டினர் தந்திக் கம்பியாகவும், பின்வந்தோர் தொலைபேசி நிலையமாகவும், எம்காலத்தவர் கணினியாகவும் காண்கின்றனர். உற்பத்திக் கருவிகள் மாற உவமைகளும் மாறின. உவமையைப் பொருளாகவே மயங்குதல் இயந்திரவியற் பார்வையின் அடிப்படைத் தவறாகும்.

1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா, பேச்சிழந்த நோயாளியொருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது முன்மடலில் ஏற்பட்ட சிதைவே காரணமெனக் காட்டினார். 1874இல் வேர்ணிக்கே, பொருள் விளங்கிக்கொள்ளும் ஆற்றல் குன்றுவதற்கு இடது பக்கமடற் சிதைவைக் காரணங் காட்டினார். மொழி மூளையின் பொருளியல்பிலே தங்கியுள்ளது என்பது இவற்றால் உறுதியாயிற்று. எனினும் ஒவ்வோர் ஆற்றலுக்கும் ஒவ்வோர் இடம் எனப் பங்கிடுவது போதாது. உலகப் போரில் மூளை காயமுற்ற படைவீரரை ஆராய்ந்த லூரியா, சிக்கலான உளத்தொழில் ஒவ்வொன்றும் மூளையின் பல பகுதிகள் கூடியியற்றும் செயற்றொகுதி எனவும், அக்கூட்டு வரலாற்றில் உருவான மொழி, எழுத்து, கருவி ஆகியவற்றால் அமைக்கப்படுகின்றது எனவும் விளக்கினார். அவருக்கு முன் வைகோட்ஸ்கி கூறியதும் இதுவே.

எழுத்து இதற்குத் தகுந்த சான்றாகும். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்பதற்கெனத் தனியுறுப்பொன்று பரிணமிக்க இக்காலம் போதாது. அங்ஙனமாயின் வாசிப்பவனின் மூளையில் நிகழ்வது யாது? பள்ளியில் வாசிக்கக் கற்ற குழந்தைகளிடத்து, எழுத்தறிவின் விளைவையும் இயல்பான வளர்ச்சியையும் பிரித்தறிதல் அரிது. கொலம்பியாவில், ஆயுதப் போராட்டத்தை விட்டுப் பொதுவாழ்வுக்குத் திரும்பிய கெரில்லாக்கள் சிலர், வளர்ந்தபின்னரே எழுத்தறிவு பெற்றனர். இவ்வாறு கற்ற 20 பேரின் மூளையை இன்னும் கல்லாத 22 பேரின் மூளையோடு ஒப்பிட்டு, கரெய்ராஸ் முதலானோர் 2009இல் 'நேச்சர்' ஏட்டில் வெளியிட்ட ஆய்வு, கற்றோரில் மேற்பட்டையின் பல பகுதிகளில் நரைநிறப்பொருளும், இரு மூளைய அரைக்கோளங்களையும் இணைக்கும் இழைத்தொகுதியின் பின்பகுதியில் வெண்ணிறப்பொருளும் மிகுந்திருந்தமையைக் காட்டிற்று.

காட்டில் ஆயுதமேந்தித் திரிந்த உழவர் குடிமக்கள் வளர்ந்தபின் எழுத்துக் கற்க, அவர்களின் மூளையின் கட்டமைப்பிலேயே அதன் சுவடு பதிந்துள்ளது. கல்லாமை பிறவிக் குறையன்று. அது மறுக்கப்பட்ட வாய்ப்பு. குறித்த வயது கடந்தால் மூளை இறுகிவிடும் என்று கூறி முதியோர் கல்வியைப் புறக்கணிப்போருக்கும், அறிவு குலத்தின் வழி வருவதென்போருக்கும் இதனினும் சிறந்த மறுப்பு வேண்டியதில்லை.

6. முடிவுரை

நரம்புத் தொகுதி புறவுலகினின்றும் தூண்டலைப் பெற்று, அதனைத் தன்னுள் ஒழுங்குபடுத்தி, செயலாகத் திருப்பும் தொகுதி. அச்செயல் புறவுலகை மாற்றுகின்றது. மாறிய புறவுலகு மீண்டும் நரம்பை வந்தடைகின்றது. இவ்வியங்கியல் உறவினுள் வைத்து நோக்கும்போதே அதன் அமைப்பும் தொழிலும் முழுமையாக விளங்கும். அயன்களின் அசைவும் நொதியத்தின் தொழிலும் இயற்கையின் விதிகளுக்கு உட்பட்டவை. ஆனால் எந்தச் சிறுமியின் நரம்பிழையை எந்த எண்ணெய் அடைகின்றது, எந்த உழவனின் நரம்பிணைப்பை எந்த நஞ்சு முடக்குகின்றது, எவருடைய மேற்பட்டைக்கு எழுத்து வந்து சேர்கின்றது என்பவற்றை அவ்விதிகள் தீர்மானிப்பதில்லை. அவற்றைத் தீர்மானிப்பவை மனிதர் தமக்குள் அமைத்துக்கொண்ட உறவுகளே; மனிதரால் அமைக்கப்பட்டவையாதலின் அவை மனிதராலேயே மாற்றப்படவுங் கூடியன.